பத்து வருஷத்து அடியும் கடைசிப் பத்து நிமிஷமும்: குடும்ப வன்முறைக் கொலைகளில் தண்டனை எப்படி முடிவாகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். மனைவியை அடித்தே கொன்ற ஒருவருக்கு, குடும்பத் தகராறில் நடந்தது என்று சொல்லி ஏழு ஆண்டு. பல வருஷம் அடி வாங்கிய ஒரு பெண், கணவர் குடித்துவிட்டுத் தூங்கும்போது அவரைக் கொன்றதற்கு ஆயுள். இரண்டும் ஒரே சட்டமா, இரண்டாவது வழக்கில் நீதிபதி ஏன் தண்டனையைக் குறைக்கவில்லை, ஆயுள் என்றால் 14 வருஷம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே சட்டம்தான். வித்தியாசம் எங்கே வருகிறது என்று புரிய, முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் கொலை என்று நிரூபணமாகிவிட்டால் நீதிபதியின் கையில் இரண்டே தண்டனைதான்: மரணம், இல்லையென்றால் ஆயுள். கூடவே அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. (சம்பவம் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்திருந்தால், விசாரணை இன்றைக்கு நடந்தாலும் பழைய சட்டம்தான்.) செஷன்ஸ் நீதிபதிக்கு எவ்வளவு இரக்கம் இருந்தாலும், "கொலைதான் செய்தாள், ஆனால் பாவம், ஆறு ஆண்டு போதும்" என்று எழுத முடியாது. சட்டம் விடாது.

அதனால் இந்தியாவில் கொலைத் தண்டனை பற்றிய உண்மையான சண்டை, தண்டனை அறிவிக்கும் நாளில் நடப்பதில்லை. நடந்தது சட்டத்தின் பார்வையில் கொலையா, கொலை ஆகாத மரணம் விளைவித்தலா என்ற இடத்திலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. இரண்டாவதற்குள் போய்விட்டால் பழைய 304ஆம் பிரிவு: கொல்லும் நோக்கம் இருந்தால் முதல் பகுதி, ஆயுள் அல்லது பத்து ஆண்டு வரை, நோக்கம் இல்லை, உயிர் போகலாம் என்று தெரிந்து மட்டும் செய்தது என்றால் இரண்டாம் பகுதி, பத்து ஆண்டு வரை. மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று நாம் செய்தியில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கதவு வழியாக வந்தவை.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், ஏழு ஆண்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. வரதட்சணை மரணம், பழைய 304பி, இப்போது 80ஆம் பிரிவு. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாக இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டுக் கொடுமைப்படுத்தியதும் நிரூபணமானால், கணவரோ அவருடைய உறவினரோ அந்த மரணத்துக்குக் காரணம் என்று சட்டமே அனுமானிக்கும். குறைந்தபட்சம் ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கொலையை நேரடியாக நிரூபிப்பதைவிட இது சுலபம் என்பதால், அப்பட்டமான கொலைகள்கூட 304பி-யோடு நின்றுவிடுகிற ஆபத்து உண்டு. 2010இல் ராஜ்பீர் வழக்கில் உச்ச நீதிமன்றம், 304பி வழக்குகளில் வழக்கமாக 302 குற்றச்சாட்டையும் சேர்த்து வனைய வேண்டும் என்று விசாரணை நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது. அது இயந்திரத்தனமாக நடக்கத் தொடங்கியதால், 2013இல் ஜஸ்விந்தர் சைனி வழக்கில், கொலைக்கான ஆதாரம் பதிவில் இருந்தால் மட்டும் சேருங்கள் என்று தெளிவுபடுத்தியது. மகளை இழந்த பெற்றோர் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன்: குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே பாருங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை கழுத்து நெரிப்பைக் காட்டும்போது 304பி மட்டும் போட்டிருந்தால், அப்போதே அரசு வழக்கறிஞரிடம் பேசி, கொலைக் குற்றச்சாட்டையும் சேர்க்கச் சொல்லி மனு போடுங்கள். வீட்டுக்குள் நடந்த சாவுக்கு நேரில் பார்த்த சாட்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். அந்த நேரத்தில் கூட இருந்த கணவர்தான் என்ன நடந்தது என்று விளக்க வேண்டும், விளக்காமல் இருப்பதும் பொய் விளக்கம் தருவதும் அவருக்கு எதிரான ஆதாரச் சங்கிலியில் ஒரு கண்ணி என்று 2006இல் திரிமுக் மரோட்டி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, கதவுக்கு வருவோம். கொலை எப்போது கொலை ஆகாமல் போகும் என்பதற்கு 1860ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து விதிவிலக்குகளைத் தந்தது. குடும்ப வழக்குகளில் அடிக்கடி வருபவை இரண்டு. ஒன்று, கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலில் தன் கட்டுப்பாட்டை இழந்து கொல்வது. இன்னொன்று, முன்திட்டம் இல்லாமல் திடீர்ச் சண்டையில், ஆத்திர வேகத்தில் கொல்வது. இரண்டிலும் பொதுவாக இருக்கும் சொல்லைப் பாருங்கள்: திடீர்.

இந்தச் சொல்லுக்கு இலக்கணம் எழுதிய வழக்கு நானாவதி வழக்கு. 1959இல் பம்பாயில் ஒரு கடற்படை அதிகாரி, மனைவியின் உறவு பற்றி மனைவி வாயாலேயே கேட்டறிந்து, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வந்து அந்த ஆணைச் சுட்டார். ஆத்திரம் ஆற ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தது, ஆகவே இது கொலைதான் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஆத்திரம் ஆறும் நேரம் பற்றிய பகுதியை. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரி இருக்கிறது. இறந்தவர் முன்பு செய்த செயல்கள் குற்றவாளியின் மனதில் உருவாக்கிய பின்னணியையும், கடைசிச் செயல் கடும் ஆத்திரமூட்டலா என்று முடிவு செய்யும்போது கணக்கில் எடுக்கலாம் என்று அது சொல்கிறது. பல ஆண்டு அடி வாங்கிய பெண்ணுக்கான இடம் அந்த வரியில்தான் ஒளிந்திருக்கிறது.

ஏன் இடம் தேட வேண்டியிருக்கிறது? சட்டம் எதிர்பார்க்கும் ஆத்திரம், கையில் பலம் உள்ளவரின் ஆத்திரம். கோபம் வந்த அந்த நொடியில் திருப்பி அடித்தால் தன்னால் ஜெயிக்க முடியும் என்று நம்புகிறவர்தான் அந்த நொடியில் அடிப்பார். பத்து வருஷமாக அடி வாங்குகிறவளுக்கு, எதிர்த்து நின்றால் அன்றைக்கே உயிர் போய்விடலாம் என்று தெரியும். அவள் காத்திருப்பாள். அவர் தூங்குவதற்கு, போதையில் விழுவதற்கு. உயிர் பிழைக்கக் காத்திருந்த அந்த நேரத்தைச் சட்டம் முன்திட்டம் என்று எழுதிக்கொள்கிறது. தற்காப்பு உரிமையும் அவளுக்கு உதவுவது கடினம். தூங்குகிற மனிதரிடமிருந்து அந்தக் கணத்தில் என்ன ஆபத்து என்று அரசுத் தரப்பு கேட்கும்.

எதிர்ப்பக்கம், மனைவியை விறகுக் கட்டையால் அடித்துக் கொன்றவர், "சாப்பாடு போடவில்லை, வாய்த்தகராறு ஆனது, ஆத்திரத்தில் ஒரே அடி" என்று சொல்லி இரண்டு விதிவிலக்குகளில் ஒன்றுக்குள் நுழையப் பார்ப்பார். அதற்கு முந்தைய ஆயிரம் அடிகள் அங்கே பேசப்படாது. திடீர்ச் சண்டை விதிவிலக்கில், எதிராளியின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ளாமலும் கொடூரமாக நடந்துகொள்ளாமலும் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுத்திலேயே இருக்கிறது. சண்டை என்றால் இரு தரப்பும் கைகலக்க வேண்டும் என்றும் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஒருவர் அடிக்க, இன்னொருவர் வாங்கினால் அது சண்டை அல்ல. அரசு வழக்கறிஞர்கள் இந்த இரண்டையும் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எரித்துக் கொன்ற வழக்குகளில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகத் தெரியும். 2000இல் காலுராம் வழக்கு. குடிக்கக் காசுக்காக நகை கேட்டு, மனைவி மறுத்ததும் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தார். எரிய ஆரம்பித்ததும் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் ஊற்றியதை வைத்து, இந்த அளவு காயம் ஏற்படுத்தும் நோக்கம் அவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் இரண்டாம் பகுதிக்குக் குறைத்தது. அப்புறம் இதே வாதம் பல வழக்குகளில் வந்தது. 2015இல் மகாராஷ்டிராவின் சந்தோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கொளுத்திய பிறகு தண்ணீர் ஊற்றியது கொல்லும் நோக்கத்தை அழித்துவிடாது என்று 302ஐயே உறுதி செய்தது. எனக்கு இரண்டாவது பார்வைதான் சரியாகப் படுகிறது. உடம்பின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றித் தீக்குச்சி கிழிக்கும் ஒருவருக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் இருக்காது.

தண்டனை விசாரணை என்ற கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டே ஆக வேண்டும். வழக்கமான பதில்: வயதான அம்மா இருக்கிறார், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மனைவியைக் கொன்ற வழக்கில் இதைக் கேட்கும்போது மனம் கனத்துப்போகும். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனதற்குக் காரணமே அவர்தானே. அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டம் தரும் உதவிகள் வேறு இடத்தில் இருக்கின்றன: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கேட்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. இதைத் தாத்தா பாட்டிகள் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது.

தூக்கா ஆயுளா என்பதை 1980இல் பச்சன் சிங் வழக்கு முடிவு செய்தது. ஆயுள்தான் விதி, தூக்கு அரிதிலும் அரிதான வழக்குக்கு மட்டும். இந்தச் சொற்றொடர் எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கின் பின்கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பச்சன் சிங் முதலில் சிறைக்குப் போனது மனைவியைக் கொன்றதற்காக. 14 ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்து, உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தக் குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார். நம் மரண தண்டனைச் சட்டத்தின் அடிக்கல்லாக இருக்கும் வழக்கே, வீட்டுக்குள் தொடங்கிய வன்முறைதான்.

அப்படியிருந்தும், "உறவுக்குள் நடந்தது" என்பது குறைக்கும் காரணமாகவே பலமுறை எழுதப்படுகிறது. டெல்லியில் 1995இல் மனைவியைச் சுட்டு உடலை உணவகத் தந்தூர் அடுப்பில் எரித்த சுஷில் சர்மாவின் தூக்கை 2013இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாக மாற்றியது. கசந்துபோன தனிப்பட்ட உறவின் விளைவு இது, சமூகத்துக்கு எதிரான குற்றம் அல்ல என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தூக்கு ரத்தானதில் எனக்கு வருத்தம் இல்லை. யாரையும் தூக்கிலிட வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அந்தக் காரணத்தை ஏற்க முடியவில்லை. கதவு சாத்தியிருந்தால் சமூகம் வெளியே நின்றுவிடுமா? நம்பி ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்தவளை, தப்பிக்க வழியில்லாத இடத்தில் கொன்றது குற்றத்தைக் கூட்டத்தானே வேண்டும்?

இப்போது உங்கள் 14 வருஷக் கேள்வி. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. 1961இல் கோபால் கோட்ஸே வழக்கிலேயே இது தெளிவாக்கப்பட்டது. 14 என்பது தண்டனையின் அளவு கிடையாது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க ஒரு குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, அரசு தண்டனைக் குறைப்பு தந்து விடுதலை செய்ய வேண்டுமானால் அதற்கு முன் குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று 1978இல் வந்த தடை அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ, இப்போதைய நடைமுறைச் சட்டத்தில் 475. விடுதலை செய்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. அரசியலமைப்பின் 161ஆம் பிரிவின் கீழ் ஆளுநர் பெயரில் அரசு எடுக்கும் முடிவுக்கு இந்த 14 ஆண்டுத் தடை கிடையாது. அதனால்தான் தமிழ்நாட்டில் 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி ஏழு ஆண்டு முடித்த ஆயுள் கைதிகளையே விடுவிக்க முடிந்தது.

உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இந்த விடுதலைக்கே பூட்டுப் போடலாம். அதுவும் ஒரு மனைவிக் கொலை வழக்கில் பிறந்த விதிதான். பெங்களூரில் 1991இல் மனைவிக்கு மயக்க மருந்து கொடுத்து வீட்டு வளாகத்திலேயே புதைத்த சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் தூக்கை நீக்கி, சாகும்வரை தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுளை விதித்தது. தூக்குக்கும் 14 ஆண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பது அதன் நியாயம். ராஜீவ் கொலை வழக்கோடு சேர்ந்த ஸ்ரீஹரன் வழக்கில் 2015இல் அரசியல் சாசன அமர்வு இதை ஏற்றது. ஆனால் விசாரணை நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. உடுமலைப்பேட்டை சாதி ஆணவக் கொலை வழக்கில் 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐந்து பேரின் தூக்கை, 25 ஆண்டுக்குக் குறைப்பு இல்லாத ஆயுளாக மாற்றியது இந்த வழியில்தான். (பெண்ணின் தந்தையை அதே தீர்ப்பு விடுவித்தது என்பது தனியாகப் பேச வேண்டிய வேதனை.)

இனி, உங்கள் கேள்வியின் இரண்டாவது பெண்ணுக்கு வருகிறேன். அவளுக்காக முதலில் ஒரு கதவைத் திறந்தது நம் சென்னை உயர் நீதிமன்றம். 1989இல் சுயம்புக்கனி வழக்கு. கணவரின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த ஒரு தாய். பிள்ளைகள் இறந்துவிட்டார்கள், அவள் பிழைத்துக்கொண்டாள். பிழைத்ததால் கொலைக் குற்றவாளி ஆனாள். அந்தத் தீர்ப்பு நம் நல்லதங்காள் கதையை நினைத்து, இந்த மனநிலைக்கு நல்லதங்காளின் பெயரையே வைத்தது. திடீர் ஆத்திரமூட்டல் ஒரு வகை என்றால், நீண்ட காலம் சேர்ந்துகொண்டே போகும் தொடர் ஆத்திரமூட்டல் இன்னொரு வகை. கடைசியாக நடந்தது அற்ப விஷயமாகத் தெரிந்தாலும், அதற்குப் பின்னால் இருக்கும் வரிசையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, கொலைக் குற்றத்தை நீக்கி 304ஆம் பிரிவுக்கு மாற்றியது. நாட்டுக்கே முன்னோடியான இந்தச் சிந்தனை நம் நீதிமன்றத்திலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அதோடு ஒரு சங்கடமும் உண்டு. கிணற்று வழக்குகளில் உயிர் போவது ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளுக்கு. அவளை அந்த விளிம்புக்குத் தள்ளியவர், தன் பிள்ளைகளைக் கொன்றதாக அவளுக்கு எதிராகவே சாட்சிக் கூண்டில் ஏற முடியும். கணவரின் கொடுமைக்கான பிரிவு, பழைய 498ஏ, இப்போதைய 85, தனியாகப் பதிவாகாவிட்டால் அவர் எந்தத் தண்டனையும் இல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார். காவல்துறை தானாகச் செய்யாது. பெண்ணின் தாய்வீட்டார் புகார் கொடுக்க வேண்டும்.

கணவரைக் கொன்ற பெண்ணின் வழக்கில் இந்தச் சிந்தனை எப்படி வேலை செய்யும் என்பதற்கு 2013இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தின் மஞ்சு லக்ரா தீர்ப்பு எடுத்துக்காட்டு. குடித்துவிட்டு அடிக்கும் கணவர். ஒருநாள் அவர் கையிலிருந்த கட்டையையே பிடுங்கி அடித்ததில் அவர் இறந்தார். நெடுநாள் வன்முறைக்கு உள்ளான பெண்களின் மனநிலை பற்றிய உலக ஆய்வுகளையெல்லாம் பேசி, அந்த நீதிமன்றம் கொலை ஆகாத மரணம் விளைவித்தலாக மாற்றியது. 2022இல் உச்ச நீதிமன்றம் தவுராம் நிர்மல்கர் வழக்கில், குடிப்பழக்கத்தோடு தொடர்ந்து தொல்லை கொடுத்த சகோதரனைக் கொன்றவருக்கு இதே நியாயத்தைத் தந்தது: பழைய சம்பவங்களின் சேர்க்கையும் கடைசிச் சம்பவமும் சேர்த்துத்தான் பார்க்கப்பட வேண்டும். பெண் வழக்கறிஞர்களும் ஆண் வழக்கறிஞர்களும் இந்தத் தீர்ப்பைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அது ஆணுக்குக் கிடைத்த தீர்ப்பு என்றாலும் அதன் தர்க்கம் பொதுவானது.

இந்தச் சட்டத்தை நமக்குக் கொடுத்த இங்கிலாந்தே "திடீர்" என்ற நிபந்தனையைக் கைவிட்டுவிட்டது. 1989இல் அங்கே பஞ்சாபிப் பெண் கிரண்ஜித் அலுவாலியா, பத்து வருஷ அடிக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருந்த கணவருக்குத் தீ வைத்தார். ஆயுள். சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பு தெருவில் இறங்கிப் போராடியது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலைத் தீர்ப்பை ரத்து செய்தது. மனநலப் பாதிப்பின் அடிப்படையில் குற்றம் குறைக்கப்பட்டு, ஏற்கெனவே சிறையில் கழித்த மூன்று ஆண்டு நான்கு மாதமே தண்டனையானது. 2009இல் இயற்றப்பட்ட சட்டம், கட்டுப்பாடு இழந்தது திடீரென்று நடந்திருக்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. ஆனால் மற்றொரு அநியாயம் அங்கே மிச்சம் இருந்தது. கத்தியைக் கையோடு எடுத்துப்போய்த் தெருவில் குத்தினால் சிறையில் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம் 25 ஆண்டிலிருந்து தொடங்கும்; வீட்டுச் சமையலறையில் இருக்கும் கத்தியை எடுத்து மனைவியைக் குத்தினால் 15 ஆண்டிலிருந்து. மகள்களை அப்படி இழந்த தாய்மார்கள் எழுப்பிய குரலால் கிளேர் வேட் என்ற மூத்த வழக்கறிஞர் தலைமையில் ஆய்வு நடந்து 2023இல் அறிக்கை வந்தது. 2024 முதல், கொன்றவர் முன்பே துணையைக் கட்டுப்படுத்தி அடக்கி வைத்திருந்தது தண்டனையைக் கூட்டும் காரணம். கொல்லப்பட்டவர் அப்படிச் செய்திருந்தால் குறைக்கும் காரணம். ஒரே வரலாறு இரண்டு பக்கமும் எடை போடுகிறது. நமக்கு வேண்டியதும் இதுதான்.

நாம் என்ன செய்தோம்? புதிய சட்டம் எழுத வாய்ப்பு வந்தபோது, விதிவிலக்கில் "திடீர்" அப்படியே பெயர்த்து எழுதப்பட்டது. போதாக்குறைக்கு இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. கொலை ஆகாத மரணம் விளைவித்தலின் முதல் பகுதிக்குப் பழைய சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. புதிய 105ஆம் பிரிவு குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு என்கிறது. குடிகார மனிதர்களுக்கு மூன்று ஆண்டு கொடுத்து அனுப்பும் தீர்ப்புகளை இது தடுக்கும் என்றால் நல்லதுதான். ஆனால் "இதுவரை சிறையில் இருந்ததே போதும்" என்று சுயம்புக்கனி, மஞ்சு லக்ரா போன்ற பெண்களை அனுப்பிவைக்க நீதிபதிகளுக்கு இருந்த இடமும் இதுதான். இரண்டு வருஷம் உள்ளே இருந்த பெண்ணுக்கு, முதல் பகுதியின் கீழ் அது இனி முடியாது. அந்தப் பெண்ணுக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் இரண்டாம் பகுதிக்காக இன்னும் கடுமையாகப் போராட வேண்டியிருக்கும்.

இந்தப் போராட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் விசாரணை நீதிமன்றப் பதிவில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான பெண்கள் தோற்பது இங்கேதான். முழு மறுப்பு என்பதுதான் நம் ஊர்க் கிரிமினல் வழக்குகளில் பழகிப்போன தற்காப்பு: எனக்கு ஒன்றும் தெரியாது, பொய் வழக்கு. சாட்சியம் முடிந்து நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரை நேரடியாகக் கேள்வி கேட்கும் 313 கட்டத்திலும் (இப்போது 351) எல்லாவற்றுக்கும் "பொய்" என்றே பதில் சொல்லச் சொல்லித் தருவார்கள். கொல்லவே இல்லை என்று சொன்னவள், ஏன் கொல்ல நேர்ந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? பத்து வருஷக் கதை பதிவில் ஏறாமலே போகிறது. அந்தக் கட்டத்தில் எழுத்துப்பூர்வமான வாக்குமூலம் தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆதாரம் பலமாக இருக்கும் வழக்கில், நடந்ததை நடந்தபடி சொல்லி விதிவிலக்கைக் கோருவதுதான் அவளுக்கு நல்லது என்று வழக்கறிஞர் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். விதிவிலக்கை நிரூபிக்கும் பாரம் அவள் பக்கம் இருந்தாலும், அரசுத் தரப்புபோல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கும் என்று நம்பத்தக்க அளவு போதும். அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே அதை எடுக்கவும் முடியும்.

என்னென்ன ஆதாரம் என்றால்: அடிபட்டு அரசு மருத்துவமனைக்குப் போன ஒவ்வொரு முறையும் எழுதிய விபத்துப் பதிவு, அதாவது ஏ.ஆர். காப்பி. "கீழே விழுந்தேன்" என்று அதில் எழுதியிருந்தாலும் காயத்தின் இடமும் தேதியும் பேசும். மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்து, சமாதானம் பேசி அனுப்பிய புகாரின் சி.எஸ்.ஆர். ரசீது. பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்த பதிவு. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலர் எழுதிய அறிக்கை. பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளைகளின் டீச்சர், தாய்வீட்டுக்கு ஓடிவந்த நாட்களைப் பார்த்தவர்கள். முடிந்தால் சிறையிலேயே ஒரு மனநல நிபுணரின் மதிப்பீடு. தூக்கு வழக்குகளில் குற்றவாளியின் வாழ்க்கைப் பின்னணி, மனநிலை பற்றிய அறிக்கைகளை விசாரணைக் கட்டத்திலேயே வாங்க வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் வழக்குகளுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் கேட்கக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. மகளை இழந்த குடும்பங்களும் இதே ஆதாரங்களைத் திரட்ட வேண்டும். "ஒரே அடி, திடீர் ஆத்திரம்" என்று வரும் கணவருக்குப் பதில் சொல்வது இந்த ஏ.ஆர். காப்பிகள்தான்.

நீங்கள் சொன்ன பெண்ணுக்குச் செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் வந்திருந்தால், உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம். தாண்டிவிட்டாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே மனு அனுப்பலாம். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கலாம். பெண் என்பதாலேயே அவருக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணில் அழைத்தாலோ, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போனாலோ ஏற்பாடு செய்வார்கள். நியமிக்கப்படும் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே இரண்டு பெயரைச் சொல்லுங்கள்: சுயம்புக்கனி 1989, தவுராம் நிர்மல்கர் 2022.